நிலவறையில் ஒரு தலை குறைந்தது

அந்த வருஷம் தீபாவளி அக்டோபரிலேயே வந்து முடிந்துவிட்டது. தீபாவளி முடிந்தால் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பூட்டு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற என்னைப் போன்றவர்களும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, அச்சு இயந்திரம் செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனி எங்கள் பக்கத்திலிருந்து பதினான்கு பேரைத் தங்கள் ஊருக்கு அழைத்தது. வாங்குவானா மாட்டானா என்றே தெரியாத ஆட்களுக்குச் சோறு போட்டு, ரூம் போட்டு, ஊரும் சுற்றிக் காட்டுவார்களாம். நம் ஊரில் ஒரு டீயோடு முடித்துக்கொள்வோம்.

பதினான்கு பேரில் ஒருவர் நாரணாபுரம் காளியப்பன் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். தன் பெட்டிகளைத் தானே அச்சடித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவருடைய மகன் செந்திலுக்குத்தான் என் தங்கை ராஜேஸ்வரியைப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் பார்த்தாகிவிட்டது. ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்று போனில் பேசிக்கொள்வதை நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்தும் பழகிவிட்டோம். வெற்றிலை மாற்றுவதுதான் பாக்கி. அதை மட்டும் அண்ணாச்சி, “ஜெர்மனி போயிட்டு வந்து வச்சுக்கிடுவோம்” என்று தள்ளிப் போட்டிருந்தார்.

“எதுக்குத் தள்ளிப் போட்டாருன்னு நெனைக்க, சங்கரு?” என்றாள் அம்மா, என் பெட்டியில் பருப்புப்பொடியை அமுக்கிக்கொண்டே. “உன்னயப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்ல. போன தடவ வந்த சாத்தூர் சம்பந்தம் எதனால கலைஞ்சுச்சு? பிள்ளையோட அண்ணன் குடிப்பான்னு எவனோ சொன்னதுலதான?”

மாசத்துக்கு ஒரு பீர். அதுவும் வேண்டியவன் வீட்டுக் கல்யாணம் என்றால். அதை எவனோ சாத்தூர் வரைக்கும் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். அந்தச் சம்பந்தம் முறிந்தபோது ராஜேஸ்வரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணனால் ஒரு கல்யாணம் நின்றுபோனது என்பதை நானே எனக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒரு சொட்டு வாயில பட்டுச்சு, இந்த வாசப்படி மிதிக்காத” என்று அம்மா பெட்டியை மூடினாள். பயணத் திட்டத்தின் கடைசி நாளில் ‘பழமையான ஒயின் மாளிகைகளுக்கு ஒருநாள் சுற்றுலா’ என்று போட்டிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜெர்மனியில் முதல் மூன்று நாள் மெஷினைப் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மெஷின் அழகாக ஓடியது. அந்த மெஷினை வாங்க எங்கள் தெருவையே விற்க வேண்டும். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

சாப்பாடுதான் பிரச்சினை. காலையில் ஒரு கூடை நிறைய ரொட்டி வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், எல்லாம் ஒரே கல். எங்களோடு வந்த மாரிமுத்து, சிவகாசியில் பைண்டிங் வைத்திருப்பவன், ஒரு ரொட்டியை மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, “விருதுநகர் எண்ணெய் புரோட்டாவ இவங்கிட்ட ஒருக்கக் காட்டணும்ப்பா, அழுதுருவான்” என்றான். காளியப்பன் அண்ணாச்சி ரொட்டியைப் பிய்த்து, என் பருப்புப்பொடியில் ஓட்டல்காரனின் ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டார். “நீங்க சாப்பிட்டீகளா தம்பி?” என்று ஒவ்வொரு வேளையும் கேட்பார். அதற்கு மேல் பேச மாட்டார். ஐம்பத்தெட்டு வயசு, ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டைக்கு மேல் மகன் வாங்கிக் கொடுத்த ஒரு தொளதொள கோட்டு. அவர் என்னைப் பார்க்கிறாரா பார்க்கவில்லையா என்று பார்ப்பதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் எண்ணுவார். பஸ்ஸில் ஏறினால் எண்ணுவார், இறங்கினால் எண்ணுவார், ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தால் ஆட்காட்டி விரலை வயிற்றோடு மறைத்து வைத்துக்கொண்டு எண்ணுவார். பதினான்கு வந்தால்தான் தட்டைத் தொடுவார். பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்குச் சாயங்காலம் ஷெட்டை அடைக்கும்போது ஆளை எண்ணுகிற வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறை வாசலில் நின்று எண்ணுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பெனி சார்பாக எங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த சென்னைப் பையன் பிரசன்னா, டை கட்டினவன், “சார், நான் எண்ணிக்கிறேன் சார்” என்று பல தடவை சொல்லிப் பார்த்தான். அண்ணாச்சி, “நீங்களும் எண்ணுங்க தம்பி, நல்லதுதான்” என்றார்.

நாலாம் நாள் ஒயின் சுற்றுலா. அதற்கு முந்தின ராத்திரி அம்மா ஓட்டலுக்குப் போன் செய்தாள். “வாய ஊது” என்றாள். போனில் ஊதினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, “சரி” என்று வைத்துவிட்டாள்.

ரைன் நதியை ஒட்டிப் பஸ் போனது. ஆற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர். வைப்பாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, மழைக்காலம் இல்லாத நாளிலும் ஒரு ஆறு நிறைந்து ஓடுவது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. இலை பழுத்து மஞ்சளாக நின்றது. பஸ்ஸையே ஒரு படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோனார்கள். நாங்கள் இறங்கிப் படகின் ஓரத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப ஏறினோம்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். அண்ணாச்சி எழுந்து நின்றார். “தம்பி, ஒண்ணு கூடுது.”

“கூடாது சார்” என்றான் பிரசன்னா.

“எனக்குக் கூடுது.”

கடைசி வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு உருவம் தூங்கிக்கொண்டிருந்தது. சால்வையை விலக்கினால் ஒரு ஜெர்மன் தாத்தா. படகில் நின்ற இன்னொரு பஸ்ஸிலிருந்து இறங்கியவர், திரும்பும்போது எங்கள் பஸ்ஸில் ஏறிப் படுத்துவிட்டார். விழித்ததும் எங்கள் பதினான்கு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நிதானமாக ஏதோ கேட்டார். பிரசன்னா மொழிபெயர்த்தான்: “எவ்வளவு நேரம் தூங்கினேன்னு கேக்குறாரு சார்.” பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய் அவரை அவருடைய கூட்டத்தில் சேர்த்தோம். அவர் மனைவி அவரைத் திட்டினது எங்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. அதற்குப் பிறகு அண்ணாச்சி எண்ணுவதை யாரும் கேலி செய்யவில்லை.

முதல் ஒயின் மாளிகையில் ஒரு நீள மேஜை, வெள்ளைத் துணி, ஆளுக்கு மூன்று கிளாஸ். நடுவில் வெள்ளியில் ஒரு வாளி. முதலில் கிளாஸைச் சுழற்ற வேண்டும், அப்புறம் மூக்கை உள்ளே விட வேண்டும், அப்புறம் ஒரு வாய் எடுத்துக் கொப்பளிக்க வேண்டும். பிறகு வாளியில் துப்ப வேண்டும்.

“துப்பவா?” என்றார் அண்ணாச்சி. “இம்புட்டு வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தது துப்புறதுக்கா?”

மாரிமுத்துவுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. அவன் துப்பவில்லை.

எனக்கு வாளியைப் பார்த்ததும் உயிர் வந்தது. சுழற்றினேன், மோந்தேன், அண்ணாச்சி பார்க்கும்படியாக அப்படியே வாளியில் ஊற்றினேன். வாயில் வைக்கவே இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவரும் சுழற்றினார், மோந்தார், ஊற்றினார். ஊற்றும்போது கிளாஸைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சாய்த்தார். கடைசிச் சொட்டு விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கட்டுப்பாடான மனுஷன் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட வீட்டுக்கு என் தங்கை போக வேண்டுமானால் நான் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இரண்டாவது கிளாஸை மோந்து பார்க்காமலே ஊற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும் மோந்து பார்க்கவில்லை.

எங்கள் மற்ற ஆட்கள் குடித்தபடியே பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அச்சுக்காரன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். ஆளுக்கொரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்து, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, கட்டை விரலால் தேய்த்து, தேய்த்த விரலை மோந்து பார்த்து, “மஞ்ச மை தள்ளி நிக்குதுப்பா”, “இந்தத் தங்கக் கலரு ஒரிஜினலு” என்று பேசிக்கொண்டார்கள். ஊற்றிக்கொடுத்த ஜெர்மன்காரர் அசந்துபோய் நின்றார். எத்தனையோ தேசத்து ஒயின் நிபுணர்களைப் பார்த்திருக்கிறாராம். பாட்டிலுக்கு வெளியே மோந்து பார்க்கிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறாராம்.

இரண்டாவது இடத்திலும் அதே கதை. சுழற்றுவது, ஊற்றுவது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் ஒரு கறித்துண்டும் வைத்தார்கள். சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்து நடுவில் கொட்டினோம். மாரிமுத்து அதற்குள் பாட ஆரம்பித்திருந்தான். அண்ணாச்சி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்டிக்கிற பார்வை என்று நான் எடுத்துக்கொண்டு, நானும் அவனைக் கண்டிக்கிற மாதிரி பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒயினை வாளியில் ஊற்றிக்கொண்டே இருந்ததில், அது எப்படித்தான் இருக்கும் என்ற ஆசை எனக்குள் ஏறிக்கொண்டே போனது. அதற்கு முந்தைய நாள் வரை அந்த ஆசை இல்லை. மறுபடி ஜெர்மனிக்கு வரப்போவதில்லை. ஒரு வாய். ஒரே ஒரு வாய், யாரும் பார்க்காமல்.

மூன்றாவது இடம்தான் எல்லாவற்றிலும் பழையது. சாமியார்கள் கட்டியதாம். பூமிக்கு அடியில் கல் படிக்கட்டு இறங்கிப் போகிற நிலவறை. அந்தக் குடும்பத்தின் மருமகள் ஹெல்கா என்கிற அம்மாதான் சுற்றிக் காட்டினாள். நல்ல உயரம், ரப்பர் பூட்ஸ், உரத்த குரல், தட்டுத் தடுமாறாத ஆங்கிலம். பிரசன்னா, பஸ்ஸில் படுத்துவிட்ட இரண்டு பேருக்குக் காவலாக மேலேயே நின்றுகொண்டு, “நீங்க மொழிபெயர்த்துச் சொல்லிருங்க சார்” என்று என்னிடம் ஒப்படைத்தான். பிறகு அந்த இருவரையும் அண்ணாச்சியே போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினான்கு வராமல் அவரால் படி இறங்க முடியாது. பிரசன்னா மட்டும் பஸ்ஸோடு நின்றுவிட்டான்.

வாசலிலேயே ஆளுக்கு ஒரு கிளாஸ் நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தாள் ஹெல்கா. நடந்துகொண்டே குடிக்க வேண்டுமாம். வாளி கிடையாது. அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கதவைத் திறந்தாள். உள்ளே வரிசையாக மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆளை விட உயரம். குளிர்ந்த காற்றோடு ஸ்பிரிட் வாடை வந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று பீப்பாய்களைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி ஷூவுக்குள் சுருட்டி வைத்தார். கிளாஸை அதன் பக்கத்தில் வைத்தார். கதவின் செம்புக் கைப்பிடியில் உள்ளங்கையை ஒரு தடவை நன்றாகப் பதித்துவிட்டு உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் பின்னால் வந்த எல்லோரும் ஷூவைக் கழற்றினார்கள். வெடிமருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது, போகுமுன் செம்பைத் தொட்டு உடம்பிலுள்ள கரண்ட்டை இறக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் அச்சடிக்கிறவனுக்கும் தெரியும். கால் தானாகக் கழற்றிவிடும்.

நவம்பர் மாதக் குளிரில், நிலவறை வாசலில் பதினான்கு ஜோடி ஷூ. ஹெல்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் நிலவறைக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்ததில்லை என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

“மரியாதையெல்லாம் இருக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. “ஜன்னலே இல்லாம வச்சிருக்காகளே, எப்படி லைசென்ஸ் குடுத்தாக?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பாதி தூரம் போனதும் ஹெல்கா, அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே காட்டுகிறேன் என்று சொல்லி மின்விளக்கை அணைத்தாள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். எல்லோரும் “ஆகா” என்றார்கள். எனக்கு அந்த ஆகா வேறு காரணத்துக்கு. இருட்டு. கடைசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. மொழிபெயர்ப்பை நட்டாற்றில் விட்டுவிட்டு, கிளாஸோடு நழுவினேன்.

அங்கிருந்து ஹெல்காவின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உள்ளறையில் புது ஒயின் நொதித்துக்கொண்டிருக்கிறது. நொதிக்கும்போது வருகிற காற்றுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அதனால்தான் இந்த மெழுகுவர்த்தி. இது அணைந்தால் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது, ஓட வேண்டும், எங்கள் மாமனார் காலத்திலிருந்து சட்டம் அது. இதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியவன் பீப்பாய்க்குப் பின்னால் ஒயினை மோந்துகொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தது வாடை.

ஹெல்கா மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் ஒரு திண்டின் மேல் வைத்துவிட்டு, உள்ளறைப் பூட்டைத் திறக்கத் திரும்பினாள்.

அடுத்து நடந்ததை மாரிமுத்து பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறான். அண்ணாச்சி அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். சுற்றிலும் பீப்பாய். நடுவில் திறந்த நெருப்பு. காவலுக்கு யாரும் இல்லை. நாற்பது வருஷமாக மருந்து ரூம் பக்கம் ஒரு தீக்குச்சியைக்கூட விடாத மனுஷன். அவர் யோசிக்கவே இல்லை. குனிந்து, ஒரே ஊது.

ஹெல்கா திரும்பிப் பார்த்தாள். இருட்டு. அவளும் யோசிக்கவில்லை. “ராவுஸ்! அல்லெ ராவுஸ்!” என்று நிலவறையே அதிர ஒரு கத்து. எல்லோரும் வெளியே என்று அர்த்தம். அந்த அர்த்தம் எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒருத்தர் கத்திக்கொண்டு ஓடினால் காரணம் கேட்காமல் ஓட வேண்டும் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிக்கொள்வார்கள். ஷூவைத் தாண்டி, படியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, திராட்சைத் தோட்டத்துக்குள் ஓடி, கொடி வரிசைகளுக்கு நடுவே குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். மாரிமுத்துவுக்குப் போதை அங்கேயே இறங்கிவிட்டதாம்.

எனக்கோ மெழுகுவர்த்தி அணைந்தது சாமி செய்த உதவியாகத் தெரிந்தது. ஹெல்கா கத்தியதும் கேட்டது. மெழுகுவர்த்தியை எவனோ தட்டிவிட்டான், திட்டுகிறாள் என்று நினைத்தேன். தடதடவென்று கால் சத்தம். கிடைத்த நேரத்தை விட்டால் வராது என்று, கிளாஸை அண்ணாந்து ஒரே மூச்சில் விட்டேன்.

மூன்று நாள் பழைய பதநீர் மாதிரி இருந்தது. இதற்கா என்று நினைத்தேன்.

அப்போது படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம். வெறுங்கால். இருட்டில் தடவித் தடவி, பீப்பாய்களில் மோதிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தது. “எங்கன இருக்க? ஏலே! எங்கன இருக்க? சத்தங் குடுலே!” என்று ஒரு குரல். அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணாச்சி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“இங்கன” என்றேன்.

ஒரு கை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது. “கிறுக்குப் பயலே, அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுதாக, நீ இங்கன என்னலே செய்யுத? வெடிக்கப் போகுதுலே! ஓடு!” பேச விடவில்லை. அந்த ஒல்லி உடம்பு என்னை அப்படியே இழுத்துக்கொண்டு படியேறியது. வாசலில் என்னை முன்னால் தள்ளிவிட்டு, எனக்கும் கதவுக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டே ஓடி வந்தார். அந்த முதுகை நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

தோட்டத்தில் கொண்டுபோய் என்னைத் தள்ளிவிட்டு, விரலை நீட்டி எண்ணினார். “பதினாலு” என்றார். மூச்சு வாங்கியது. கால் விரலில் ரத்தம். அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தார். காலி கிளாஸ். அதை நான் கீழே போடவே இல்லை.

போச்சு என்று நினைத்தேன். ராஜேஸ்வரியின் முகம் கண்முன் வந்தது.

அதற்குள் ஹெல்கா முகம் வெளிறி ஓடி வந்தாள். எல்லோரும் பிழைத்தீர்களா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று ஒவ்வொருவராகக் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள். நான் அவள் சொன்னதையெல்லாம் ஒருவழியாகத் தமிழில் சொன்னேன்: விஷக்காற்று, மெழுகுவர்த்தி தானாக அணைந்தது, அதனால்தான்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “தானா அணையல. நாந்தான் ஊதுனேன்.”

மொழிபெயர்த்தேன். ஹெல்கா அவர் பக்கம் திரும்பினாள். ஏன் என்று கேட்டாள்.

“அம்புட்டுப் பீப்பாய்க்கு நடுவுல நெருப்ப வச்சுட்டு அங்கிட்டுத் திரும்புனா? எங்க கம்பெனியா இருந்தா அந்த அம்மாவ அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்.”

அண்ணாச்சி பட்டாசு செய்கிறவர் என்பதிலிருந்து ஆரம்பித்து மொழிபெயர்த்தேன். ஹெல்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முற்றத்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போய் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்து அவருக்குச் சொன்னாள். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். நிலவறையில் ஆயிரம் தடவை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம், ஊதி அணைத்தவர் நீங்கள்தான் என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பழைய பாட்டிலைத் தூசியோடு கொண்டுவந்து, ஊதினவருக்கு ஒன்று, உள்ளே மாட்டினவருக்கு ஒன்று என்று இரண்டு கிளாஸ் ஊற்றி எங்கள் கையில் கொடுத்தார். மற்றவர்கள் ஷூ தேடப் போய்விட்டார்கள். நானும் அண்ணாச்சியும் மட்டும் நின்றோம்.

“அண்ணாச்சி” என்றேன், “வந்து, நான் ஒரு வாய்தான்—”

“இரிங்க தம்பி” என்றார். பழைய குரல் திரும்பியிருந்தது. “நீங்க குடிப்பீகளா?”

“எப்பவாச்சும்.”

“உங்கம்மா அப்படிச் சொல்லலியே. எம்மகன் சொட்டுத் தொடமாட்டான், தொடுறவகளக் கண்டாலே அவனுக்கு ஆகாது, அப்படிப்பட்ட வீட்டுக்குத் தங்கச்சியக் குடுக்கமாட்டான்னாக.” கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “காலையில இருந்து உங்களுக்குப் பயந்துக்கிட்டு எம்புட்ட வாளியில ஊத்தியிருக்கேன் தெரியுமா? மனசே ஆறல.”

அப்படியென்றால் வெற்றிலையைத் தள்ளிப் போட்டது? அதையும் கேட்டுவிட்டேன்.

“வெத்தல மாத்திட்டா சம்பந்தி. சம்பந்தியோட வெளிநாடு வந்து, நான் ஏதாச்சும் குடிச்சு, அத நீங்க பாத்துட்டா மாத்துன வெத்தல முறிஞ்சு ஊரே பேசும்ல. அதான், போயிட்டு வந்து வச்சுக்கிடுவோம்னேன்.”

இரண்டு பேரும் குடித்தோம். அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். “இதுக்கா?” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் விரலுக்கு ஹெல்கா கட்டுப் போட்டிருந்தாள். ஆறு ஜன்னலோடு கூடவே வந்தது. எல்லோரும் சிரித்த ஒன்றை அப்போதுதான் சரியாக யோசித்தேன். மெழுகுவர்த்தி எதற்கு, ஹெல்கா எதற்குக் கத்தினாள் என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. உள்ளே வெடிக்கப் போகிறது என்று நம்பித்தான் திரும்ப இறங்கியிருக்கிறார்.

“நெசமாவே வெடிச்சிருந்தா அண்ணாச்சி?”

“பதிமூணு வந்துச்சுல்ல” என்றார். அதுவே பதில் என்கிற மாதிரி. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒருக்க எண்ணாம விட்டுட்டேன். ஷெட்டுல தீப்புடிச்சு எல்லாரும் வெளிய வந்துட்டாகன்னு நின்னுக்கிட்டு இருந்தோம். ஒரு பிள்ள தூக்குச்சட்டி எடுக்கத் திரும்பப் போயிருக்கு. எனக்குத் தெரியல.” காலையில் அவர் பஸ் வாசலில் விரலை மறைத்து எண்ணியதை நினைத்து மனசுக்குள் சிரித்தவன் நான்.

ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் வெற்றிலை மாற்ற நாள் குறித்தோம். எங்கள் வீட்டில்தான். அம்மா வாசலில் வைத்தே என்னை ஊதச் சொன்னாள். அவள் அண்ணாச்சி வீட்டில் அள்ளிவிட்டு வந்த பொய்யைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

நாரணாபுரத்திலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வரவில்லை, வழக்கப்படி. கூடத்தில் ஜமுக்காளம், குத்துவிளக்கு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. ராஜேஸ்வரி பட்டுச் சேலையோடு அடுக்களையில் நின்றாள், கூப்பிட்டால் வருவதற்கு. விளக்கேற்ற அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். அண்ணாச்சியைப் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் ஒருவர், “தட்ட எடுங்க, நல்ல நேரம் போயிட்டிருக்கு” என்றார்.

“இருங்க” என்றார் அண்ணாச்சி. விரல் வயிற்றருகே அசைந்தது. தன் வீட்டு ஆட்களை ஒரு சுற்று எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

“ஒண்ணு கொறையுதே.”

அவர் மனைவிக்குச் சலிப்பு. “வேனுல வந்தது பன்னெண்டு பேரு. பன்னெண்டும் இங்கனதான் இருக்கோம். எண்ணுனதெல்லாம் போதும், தட்ட எடுங்க.”

“பதிமூணு” என்றார் அண்ணாச்சி. அடுக்களைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஏலே சங்கரு, அந்தப் பிள்ளையக் கூப்பிடு. எங்க வீட்டாளு ஒண்ணு உள்ள நிக்குதுல்ல.”

தட்டு இன்னும் கை மாறியிருக்கவில்லை.